உன் முகத்துக்கு நான் போட்ட கையெழுத்து

உன் கையெழுத்தைப் போட்டு உன் முகத்தை விற்றவன் நான். கம்பெனிக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது, எனக்கு விளங்கவில்லை என்று ஒரு மாதமாகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். பதினொரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் உன் பெயரை என் கையால் எழுதினேன். பிறகு, அது யாருடைய கையெழுத்து என்று நாலு பேர் நடுவில் என்னைக் கேட்டபோது, உன்னுடையதுதான் என்று சொன்னேன். நீ என்னைப் பார்த்தாய். நான் மேஜையைப் பார்த்தேன்.

அன்றைக்கு நீ சென்னைக்குப் பஸ் ஏறியதிலிருந்து என் போனை எடுப்பதில்லை. அதனால் இதை உன் அறைக்கு அனுப்பாமல் உன் நாடகக் குழு நடத்தும் இதழுக்கு அனுப்புகிறேன். பொய்யை ஆட்கள் கூடியிருந்த அறையில் சொன்னேன். உண்மையை மட்டும் உறைக்குள் ஒட்டி உனக்கு அனுப்பினால், அதுவும் ஒளிந்துகொள்கிற வேலைதான். உன்னோடு நடிக்கிறவர்கள் படிக்கட்டும். அவர்களைப் பெற்றவர்கள் படிக்கட்டும். என்னைப் போல் பிள்ளைகளின் பெயரில் யூனிட் நடத்தும் திருப்பூர் அப்பன்கள் கட்டாயம் படிக்கட்டும்.

இது எங்கே தொடங்கியது என்று உனக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய பனியன் கம்பெனிகளிடம் வெட்டிய துணியை வாங்கி, தைத்துக் கொடுக்கிற சின்ன யூனிட் நம்முடையது. அவிநாசிபாளையத்தில் ரோட்டோரம், பத்து மிஷின். இந்தத் தொழிலில் என்னைப் போன்றவர்கள், வரிக் கணக்கைப் பிரித்துக் காட்டுவதற்காக, ஒரு பெயரில் மட்டும் நடத்துவதில்லை. ஒன்று பெண்டாட்டி பெயரில் இருக்கும், பையனுக்குப் பதினெட்டு முடிந்ததும் இன்னொன்று அவன் பெயரில் வரும். உனக்குப் பதினெட்டு முடிந்த வாரம் உன்னை உட்காரவைத்துப் பேப்பரில் மூன்று முறை கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டுவிட்டு நீ காலேஜுக்குப் போய்விட்டாய். நான் யூனிட்டில் மேஜை முன்னால் உட்கார்ந்து, துணிக் கட்டோடு வந்த அட்டைகளில் அதையே எழுதிப் பழகினேன். உங்கம்மா டீ கொண்டுவந்தவள் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, பையனக்காட்டிலும் நீங்க நல்லாப் போடறீங்களே!" என்று சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அதற்குப் பிறகு எட்டு வருடம் உன் பெயரில் பேங்க்குக்குப் போனது, வரி கட்டியது, ஒவ்வொரு லோடு துணிக்கும் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான். நீ நாடகம் கற்க ஆரம்பித்த பிறகு உன் கையெழுத்தை மாற்றிக்கொண்டாய். சுழியெல்லாம் போய் ஒரே கோடாகிவிட்டது. நான் பழைய சுழியையே போட்டுக்கொண்டிருந்தேன். அதாவது ஆவணங்களில் இருந்த நீ, பதினெட்டு வயதிலேயே நின்றுபோய், நான் சொன்னதற்கெல்லாம் சம்மதித்துக்கொண்டிருந்தாய். ஒரு தடவைகூட உன்னைக் கேட்டதில்லை. நீ என் மகன், அதற்குமேல் என்ன கேட்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

நீ நடிக்கப் போனதையும் நான் மதித்ததில்லை. வெள்ளகோவிலில் சித்தப்பா மகள் கல்யாணத்தில், பந்தியில் பக்கத்தில் இருந்தவர், "பையன் என்னங்க பண்றாப்ல?" என்று கேட்டார். "எக்ஸ்போர்ட்ல மார்க்கெட்டிங்குங்க" என்றேன். நீ பின்னால் நின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது வண்டியை ஓட்டிக்கொண்டே, "நல்லா நடிச்சீங்கப்பா. ஒரே டேக்ல ஓகே" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாய்.

சீரியலில் இரண்டு காட்சி, சினிமாவில் கூட்டத்தில் ஒரு வசனம் என்று உனக்கு வேலை வந்தது. சோறு போட்டது என்னவோ ஊரில் கிடைத்த கேட்டலாக் ஷூட்தான். நமக்கு ஜாப் ஒர்க் கொடுக்கிற திருப்பூர் ராயபுரத்துக் கம்பெனி முதலாளிக்கு உன் முகம் பிடித்திருந்தது. வருடத்துக்கு நாலைந்து முறை கூப்பிடுவார்கள். முதல் தடவை அச்சான புத்தகத்தை நீ கொண்டுவந்தபோது, அதில் நீ போட்டிருந்த காலர் பனியன் நம் யூனிட்டில் தைத்தது. கழுத்துத் தையல் பார்த்தே கண்டுபிடித்தேன். அந்தப் பக்கத்தை டெய்லர்களிடம் காட்டினேன். அன்றைக்குத்தான் என் வாயால் முதல் முறையாக, "நம்ம பையன் நடிகனுங்க" என்று சொன்னேன். என் துணியைப் போட்டுக்கொண்டதால்தான் உன் தொழில் என் கண்ணுக்குத் தொழிலாகத் தெரிந்தது. அதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை அவர்கள் உன்னை ஷூட்டுக்கு இல்லாமல் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். மத்தியானம் வந்து சாப்பிட உட்கார்ந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். "சுத்தியும் கேமராப்பா. சிரிக்கச் சொன்னாங்க, அழுகச் சொன்னாங்க, கோவப்படச் சொன்னாங்க. அப்பறம் ஒரு மணி நேரம் என்னென்னமோ படிக்கச் சொல்லி கொரல எடுத்துக்கிட்டாங்க. இத்தன வருசமாக் கத்துக்கிட்டத அரை நாள்ல உருவிட்டாங்க" என்றாய். ஒப்பந்தத்தை உன் கையில் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நடிகர் சங்கத்தில் தெரிந்த வக்கீல் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்து ஓகே சொன்னால்தான் கையெழுத்து என்றாய். பக்கங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, சீரியல் ஷூட்டிங்குக்காகச் சென்னை கிளம்பினாய். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிப் பார்த்து, "பேப்பர் டேபிள் மேல இருக்குதுப்பா. தொடாதீங்க" என்றாய்.

திங்கள்கிழமை கம்பெனியிலிருந்து மெர்ச்சண்டைசர் கூப்பிட்டான். ஆர்டர்களைப் பிரித்துக் கொடுப்பவன் அவன்தான். "ஏனுங்க, தம்பி பேப்பர் இன்னும் வர்லீங்களே. புது ஸ்டைல் வந்திருக்குதுங்க, உங்களுக்கே குடுத்தரலாம்னு மொதலாளி சொல்லீட்டிருக்கறாருங்க" என்றான். ஒரு மிரட்டல் இல்லை, ஒரு அதட்டல் இல்லை. இத்தனை 'ங்க' போட்டு ஒருவன் கழுத்தில் கை வைக்க முடியும் என்பது நம் ஊரில்தான். நான் வீட்டுக்கு வந்து பேப்பரை எடுத்துக்கொண்டு யூனிட்டுக்குப் போனேன். வெட்டிய துணிக் கட்டின் மேல் வைத்து, பதினொரு பக்கத்திலும் சுழியோடு உன் பெயரைப் போட்டேன். நடுவில் ஒரு டெய்லர் நூல் கேட்டார், எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைப் போட்டேன், சாயங்காலமே கம்பெனியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வரி படிக்கவில்லை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் கட்டுக்கட்டான நிபந்தனைகளில் நான் எதைப் படித்திருக்கிறேன்? போடு என்றால் போடுவோம். போடாதவனுக்கு ஆர்டர் இல்லை.

அதில் இருந்ததை, போன வாரம் சங்கத்து வக்கீல் தமிழில் சொன்னபோதுதான் தெரிந்துகொண்டேன். உன் முகம், உடம்பு, நடை, குரல் எல்லாவற்றையும் வைத்து அவர்கள் எதையும் உருவாக்கலாம். எத்தனை வருடம் என்று இல்லை. எதற்கு விளம்பரம் என்று இல்லை. வேறு யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், உனக்குத் தகவல் சொல்லக்கூட வேண்டியதில்லை. கண்ணு, நம் தொழிலில் ஒரு ஆர்டர் முடிந்தால் மிச்சமிருக்கும் பிராண்டு லேபிளை எண்ணிக் கணக்குக் காட்டி வெட்டிப்போட வேண்டும். ஒரு லேபிள் வெளியே போனால்கூட பையர் நம்மைத் தொலைத்துவிடுவான். அவன் பெயர் நெய்த ஒரு அங்குலத் துணிக்கு அத்தனை காவல். அதே தொழிலில், என் மகனின் முகத்தை இஷ்டம்போல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். லேபிளை வெட்டத் தெரிந்த எனக்கு இது தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகு உன்னை ஷூட்டுக்குக் கூப்பிடவில்லை. ஆனால் புது கேட்டலாக்கில் எல்லாப் பக்கத்திலும் நீ இருந்தாய். பனியில் நின்றாய், கடற்கரையில் ஓடினாய். நீ போன் பண்ணி, "நான் எப்பப்பா பனியப் பாத்தேன்?" என்றாய். பேப்பர் எங்கே என்று கேட்டாய். "அவங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். கையெழுத்துப் போடாத பேப்பர்தானே என்று நீயும் விட்டுவிட்டாய். பிறகு ஒரு நாள் உங்கம்மா போனைத் தூக்கிக்கொண்டு யூனிட்டுக்கே ஓடிவந்தாள். அதில் பணம் வைத்துச் சீட்டு விளையாடும் ஆப் ஒன்றை நீ இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் குரல், உன் சட்டை, உன் தலைமுடி. "இது என்ற பையன் இல்லீங்க. அவன் சிரிச்சா எடது கண்ணு சுருங்குமுங்க. இவனுக்குச் சுருங்கல பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அதற்குள் நம் டெய்லர் ஒருவர், தம்பியே சொல்கிறதே என்று அந்த ஆப்பை இறக்கியிருந்தார். உனக்குச் சென்னையில் பேசி முடித்திருந்த படத்தின் வாத்தியார் வேடத்துக்கு நீ வேண்டாம் என்றுவிட்டார்கள். சீட்டு விளம்பரத்தில் தினம் வருகிற முகத்தை வாத்தியாராக யார் நம்புவார்கள் என்று கேட்டார்களாம். அவர்கள் கேட்டது நியாயம்தான். எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த வேடம் அது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ சங்கத்துச் செயலாளர் அம்மாவையும் ஜெனிஃபரையும் கூட்டிக்கொண்டு ராயபுரத்துக் கம்பெனிக்கு வந்தபோது, முதலாளி என்னையும் கூப்பிட்டுவிட்டார். ஜெனிஃபர் உன்னோடு நாடகத்தில் நடிக்கிறவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், வாரத்தில் நாலு நாள் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை, மற்ற நாளில் உன்னைப் போலவே கேட்டலாக். உனக்கு ஜோடியாக இப்போது கம்ப்யூட்டர் ஒரு பெண்ணைச் செய்துவிட்டதால், அவளுக்கு அந்த வேலையும் போயிருந்தது. முதலாளி எல்லோருக்கும் காப்பி சொன்னார். "தம்பி நம்ம ஊட்டுப் பையனுங்க. அவருமேல நமக்கென்னங்க கோவம்" என்றார். அவர் நீட்டிய ஒப்பந்தத்தை நீ தள்ளி வைத்து, "இது என் கையெழுத்து இல்லைங்க" என்றாய்.

மெர்ச்சண்டைசர் லேப்டாப்பைத் திருப்பினான். எட்டு வருடத்துச் சலான்கள். ஒவ்வொன்றிலும் அதே சுழி. "இதெல்லாம் ஆரு போட்டதுங்க தம்பி? உங்க யூனிட், உங்க பேரு" என்றான். சங்கத்து அம்மா உன்னைப் பார்த்தார். நீ என்னைப் பார்த்தாய். உன் உண்மையான கையெழுத்துத்தான் அந்த அறையில் போலியாக இருந்தது. முதலாளி என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, நீங்களே சொல்லுங்க. தம்பி கையெழுத்துதானுங்களே?" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

அந்த இடத்தில்கூட மரியாதை குறையாமல் பேசியிருக்கிறேன். நீ, "எங்கப்பாதான் போட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லவில்லை. பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "சரிங்க, நாங்க கெளம்பறோம்" என்றாய். படியிறங்கும்போது சங்கத்து அம்மா உன்னிடம், "முதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி, எங்களையும் சேர்த்து அசிங்கப்படுத்திட்டீங்களே" என்றார். அது என் காதில் விழுந்தது. அவர் உன்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டு போனார்.

பத்து டெய்லர்களின் வேலை போய்விடும் என்று பயந்தேன் என உங்கம்மாவிடம் சொன்னேன். அந்த நிமிடத்தில் டெய்லர்களை நான் நினைக்கவே இல்லை. எட்டு வருடப் பேப்பரும் பொய் என்று முதலாளி முன்னால் வெளிப்பட்டு நிற்க வேண்டுமே என்றுதான் பயந்தேன். இரண்டு பேரில் ஒருவர் பொய்யனாக வேண்டியிருந்தது. உன்னை ஆக்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஜெனிஃபர் யூனிட்டுக்கு வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினாள். "என்ன அங்கிள், மவன வச்சு நல்ல யாவாரம் பண்ணிட்டிய போல. அவன் சொல்லமாட்டான், எனக்குத் தெரியும், போட்டது நீங்கதான்." நான் சலான் புத்தகத்தை மூடி வைத்தேன். "அவன் மூஞ்சிய வித்திய, சரி. அது ஒங்க வீட்டுக் கத. அவன மாதிரி ஒருத்தன இலவசமா நிக்க வச்சதுல எனக்கும் வேல போச்சு, மேக்கப் போடுத அக்காவுக்குப் போச்சு, லைட்டு பிடிக்கவருக்குப் போச்சு. இதுக்கு எந்தப் பேப்பர்ல நீங்க கையெழுத்துப் போட்டிய?" என்றாள். ஒரு மிஷின் நின்றது. பிறகு எல்லா மிஷினும் நின்றன. உட்காரச் சொன்னேன். "நிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தாவ, பழகிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போன பிறகு ஒரு விஷயம் உறைத்தது. நாங்களும் நடிக்கிறவர்கள்தான். வெளிநாட்டு பையரின் ஆள் யூனிட்டைச் சோதிக்க வரும் நாளில், எட்டு மணி நேரம்தான் வேலை, ஞாயிற்றுக்கிழமை லீவு என்று பெண்களுக்கு வசனம் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர்களும் தப்பில்லாமல் ஒப்பித்தார்கள். வந்தவனும் நம்புவதுபோல் நடித்துவிட்டு எழுதிக்கொண்டு போனான். இப்படி எல்லோரும் பொய்க்குக் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கும் இடத்தில், நடிப்பை நேர்மையாகச் செய்து பிழைக்க ஒருவன் கிளம்பினான் என்றால் அது நீ. அவனைத்தான் கூத்தாடி என்று நான் கேலி பேசினேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் உன்னோடு இருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு, என் தப்பிலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். கேமரா முன்னால் நிற்பதற்கு முன்பே பேப்பரைக் கேளுங்கள். எடுத்த பிறகு கொடுக்கும் பேப்பருக்கு மரியாதை கிடையாது, அதற்குள் சரக்கு அவர்கள் கைக்குப் போயிருக்கும். எத்தனை நாளைக்கு, எந்த விளம்பரத்துக்கு, வேறு யாருக்காவது கொடுப்பீர்களா, முடிந்ததும் அழிப்பீர்களா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்டால் வேலை போகும் என்று சொல்வார்கள். போகும்தான். கேட்காவிட்டால் என்ன போகும் என்பதற்கு என் வீட்டுக்கு வந்து பாருங்கள். தனியாகக் கேட்பவனைத்தான் ஒதுக்குவார்கள், அதனால் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள், சங்கத்தோடு போங்கள். முக்கியமாக, வீட்டில் இருக்கிறவர்களின் கைக்கு எட்டும் இடத்தில் பேப்பரை வைக்காதீர்கள். அப்பன் நல்லவனாகவே இருக்கட்டும், வைக்காதீர்கள்.

போன வாரம் நான் சங்கத்துக்குப் போனேன். செயலாளர் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து என் முன்னால் வைத்தார். பிறகு, "இத அன்னைக்கு அந்த ரூம்ல சொல்லியிருக்கணும் சார்" என்றார். வக்கீல் நேராகச் சொன்னார். நான் மட்டும் எழுதிக் கொடுத்தால், மகனுக்காக அப்பா இப்போது கதை மாற்றுகிறார் என்று அவர்கள் தள்ளிவிடுவார்கள். அந்தக் கையெழுத்து உன்னுடையது இல்லை, போட்டது யார் என்று நீ புகார் எழுதிக் கொடுத்தால்தான் வழக்கு நகரும். அப்படி எழுதினால் என் பெயர் வரும், யூனிட்டின் எட்டு வருடப் பேப்பரும் கேள்விக்கு வரும். இதை உன்னிடமும் சொல்லிவிட்டாராம். நீ யோசித்துச் சொல்கிறேன் என்றாயாம்.

என்ன யோசனை? டெய்லர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "ஓனரே, நீங்க உள்ள போயிட்டா எங்களுக்குப் போனஸ் ஆரு குடுப்பாங்க?" என்று ஒருவர் கேட்டார், மற்றவர்கள் சிரித்தார்கள், பிறகு இரண்டு பேர் வேறு யூனிட்டில் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ராயபுரத்து வேலையை நானே வேண்டாம் என்றுவிட்டேன். உங்கம்மா மூன்று வாரமாக என்னிடம், சாப்பிட வாங்க என்பதைத் தவிர எதுவும் பேசுவதில்லை. இங்கே காப்பாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நீ மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஆப்பில் உன் வாய் அசைந்துகொண்டிருக்கிறது, நாளைக்கு வேறு எதற்கு அசையும் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நீ நினைத்தால், அந்த நினைப்பில்தான் என்னைப் போன்றவர்கள் இத்தனை வருடம் குளிர் காய்ந்தோம்.

செவ்வாய்க்கிழமை இதையே சுருக்கமாக உனக்கு மெசேஜ் அனுப்பினேன். நீ படித்துவிட்டதாகப் போன் காட்டுகிறது. பதில் இல்லை. அதனால் எல்லோர் முன்னாலும் மறுபடி கேட்கிறேன். புகாரை எழுது. போட்டவன் என் அப்பன் என்று என் முழுப்பெயரோடு எழுது. எழுதி, வக்கீல் கையில் கொடு.